கட்டில் சட்டத்தில் செய்த ஸ்டீல் கிட்டார்

1956 ஜனவரி 16, திங்கள்

நேற்று ஆராதனை முடிந்தபின் சபையின் பின்னறையில் இருந்தவர்கள்: பாஸ்டர் ஹெசெகியா மோப்ளி, அவர் மனைவி சிஸ்டர் ஐடெல்லா, டீக்கன் பர்ரல், டீக்கன் வில்கி, சபைத் தாய் டெனன்ட் அம்மா, என் கணவர் லெமுவேல், நான். ஏழு பேர். எட்டாவது ஆள் இல்லை. நாளைக்கு யாராவது "நானும் அங்கதான் இருந்தேன்" என்று கதை கட்டினால் இந்தப் பக்கத்தைத்தான் காட்டுவேன்.

லெமுவேல்மேல் யாரும் புகார் சொல்லவில்லை. அவராகவே எழுந்து நின்றார்.

"போன சனிக்கிழமை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துல இருக்கற சாராயக் கடையில வாசிச்சேன் ஐயா. சபையோட ஸ்டீல் கிட்டாரைத்தான் எடுத்துட்டுப் போனேன்."

"காசுக்காகவா பிரதர்?" என்றார் பாஸ்டர்.

"இல்லைங்கய்யா. பத்தொம்பது வருஷமா அழறவங்க நடுவுலயே வாசிச்சிட்டேன். ஆடறவங்க நடுவுல அது எப்படிக் கேக்கும்னு ஒரு தடவை பாக்கணும்னு இருந்துச்சு."

டெனன்ட் அம்மா கைத்தடியைத் தட்டிக்கொண்டே கேட்டாள்: "எப்படிக் கேட்டுச்சு?"

"நல்லாத்தான்மா கேட்டுச்சு."

அந்த ஒரு பதிலையாவது விழுங்கியிருக்கக் கூடாதா இந்த மனுஷன்!

உட்கார வைத்துவிட்டார்கள். பாடக் கூடாது, சாட்சி சொல்லக் கூடாது, ஸ்டீலைத் தொடக் கூடாது. கடைசி பெஞ்சு. நான் அழவில்லை. சபைக்கு ஒழுங்கு வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. அவர் பெட்டியை மூடி, தானே அலமாரியில் வைத்து, சாவியை பாஸ்டர் கையில் கொடுத்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கைகளைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

ஜனவரி 19, வியாழன்

அவர் சோளக்கூழைத் தொடவில்லை. மூன்றாம் நாள் இது.

ஜனவரி 22, ஞாயிறு

கடைசி பெஞ்சில் அவர் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். எனக்குத் தண்டனை இல்லை, இருந்தாலும் உட்கார்ந்தேன்.

ஸ்டீல் இல்லாத ஆராதனையை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். பாஸ்டர் குரலை உயர்த்தும்போது பின்னாலிருந்து தூக்கிவிட ஒன்றும் இல்லை. டிரம் அடிக்கும் பையன் என்ன செய்வான், பாவம். காணிக்கை போட வரிசையாய் நடக்கிறோமே, அந்த நடை இன்றைக்கு ஆஸ்பத்திரியில் மருந்துக்கு நிற்கிற வரிசை மாதிரி இருந்தது. கடைசி பெஞ்சில் அவர் இடது கை மட்டும் தொடைமேல் கிடந்து, நடு நடுவே தானாக வழுக்கி நகர்ந்தது. அதைப் பார்த்துவிட்டார். கையைக் கீழே போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

ஜனவரி 25, புதன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

வேலைக்குப் போகவில்லை. ஆரஞ்சுத் தோட்டத்தில் அறுவடை நடக்கிறது, மேஸ்திரி இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். மத்தியானம் துணி காயப்போடும்போது பார்க்கிறேன், இவர் ஏரிக்கரையிலிருந்து தண்ணீருக்குள் நீட்டிப் போட்ட பலகையின் நுனியில் நிற்கிறார். தூண்டில் இல்லை. கையில் ஒன்றும் இல்லை. நான் கூப்பிட்டதும் திரும்பி வந்தார். "ஆழம் எவ்வளவு இருக்கும்னு பாத்தேன்" என்றார்.

ஏன் ஆழம்? ஆழத்தில் இவருக்கு என்ன வேலை?

துப்பாக்கித் தோட்டாக்களை எடுத்து, கீரைப் பாத்திக்கு அடியில் புதைத்துவிட்டேன். சவரக் கத்தி என் ஏப்ரனுக்குள் இருக்கிறது. கயிறு? துணிக்கொடிக் கயிற்றை என்ன செய்வது? அதில்தானே துணி காய்கிறது.

கர்த்தாவே, இவரை எனக்கு விட்டுவையும். வேறெதுவும் கேட்கவில்லை.

ஜனவரி 26, வியாழன்

ஒன்று தோன்றியது. ஜெபத்தில் வந்ததா, பாத்திரம் கழுவும்போது வந்ததா, தெரியவில்லை. சபையின் ஸ்டீலைத்தான் அவர் தொடக்கூடாது. வீட்டில் ஒன்று இருந்தால்? ஒரு பலகை, ஆறு கம்பி. அவர் மடியில் அது இருந்தால், மனுஷன் அதை விட்டு எழுந்து ஏரிக்குப் போக முடியாது.

ஜனவரி 28, சனி

சபையைப் பெருக்குகிற முறை இந்த வாரம் எனக்கு. துடைப்பத்தோடு தையல் டேப்பையும் ஏப்ரனில் போட்டுக்கொண்டு போனேன். அலமாரியைத் துடைக்க வேண்டும் என்று பாஸ்டரம்மாவிடம் சாவி வாங்கினேன். துடைக்கவும் துடைத்தேன், பொய்யில்லை.

ஸ்டீலை வெளியே எடுக்கவில்லை. பெட்டியைத் திறந்து, படுத்திருக்கிற நிலையிலேயே அளந்தேன். கம்பி தொடங்குகிற கட்டையிலிருந்து முடிகிற கட்டை வரை இருபத்திரண்டரை அங்குலம். நடுவில் உள்ள கோடுகளை ஒவ்வொன்றாக அளந்து, சட்டை தைக்க அளவெடுக்கிற மாதிரி எழுதிக்கொண்டேன். மற்றக் கிட்டார் மாதிரி விரலால் அழுத்துகிற கோடு இதில் கிடையாது. கம்பிமேல் இரும்புத் துண்டை வழுக்கிக்கொண்டு போகிறவருக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று காட்டத்தான் அவை. முதலில் அகலம், போகப் போக நெருக்கம்.

பெட்டியை மூடினேன். அளவை எடுத்துப்போவதும் திருட்டுத்தானோ? பத்துக் கட்டளையில் டேப்பைப் பற்றி ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 1, புதன்

மரம் கிடைத்துவிட்டது. பைன் பலகையில் முதலில் இரண்டு கம்பி கட்டிப் பார்த்தேன். ராத்திரிக்குள் வில்லாக வளைந்துவிட்டது. கெட்டி மரம் வேண்டும். வீட்டில் கெட்டி மரம் என்று இருப்பது ஒன்றுதான்: முன்னறையில் இருக்கிற மேப்பிள் கட்டில். பிஷப்போ ஊழியக்காரரோ வந்தால் படுப்பதற்கென்று போட்டு வைத்தது. அதன் பக்கச் சட்டம் ஒன்றைக் கழற்றிவிட்டேன். அந்தப் பக்கத்துக்கு ஆரஞ்சுப் பெட்டிகளை முட்டுக் கொடுத்து, போர்வையைத் தொங்கவிட்டு மறைத்திருக்கிறேன்.

மறைத்து என்ன பிரயோஜனம்? டெனன்ட் அம்மா வந்தாள். வந்தவள் நேராக முன்னறைக்குப் போய்ப் போர்வையைத் தடியால் தூக்கிப் பார்த்தாள்.

"ஏன்டி ஒசெல்லா, பிஷப்பு இருநூத்தி எழுபது பவுண்டு. வந்து படுத்தாருன்னா தலைகீழாத் தரையில ஜெபம் பண்ணுவாரு."

"வர்றதுக்குள்ள சரி பண்ணிடுவேன்மா."

"சட்டம் எங்க?"

சொல்ல வேண்டியதாயிற்று. ஏரி, பலகை நுனி, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். அவரை உட்கார வைத்தவர்களில் அவளும் ஒருத்தி. திட்டுவாள் என்று நினைத்தேன்.

"ரம்பம் மொன்னையா இருக்கு பாரு" என்றாள். "எங்க வீட்டுல என் புருஷனோடது இருக்கு. அனுப்பறேன்."

பிப்ரவரி 3, வெள்ளி

அறுத்துவிட்டேன். கை கொப்புளித்திருக்கிறது. சட்டத்தின் ஒரு முனையில் கட்டில் கொக்கி மாட்டுகிற ஓட்டை. கம்பி முடிகிற கட்டையை அங்கே அறைய முடியாது, ஆணி பிடிக்காது. ஓட்டையைத் தள்ளி ஓர் அங்குலம் முன்னால் வைத்து அறைந்தேன். ஓர் அங்குலம்தானே. கோடுகளை எழுதி வைத்த அளவின்படியே தையல் சாக்பீஸால் போட்டு, மேலே மை தீட்டினேன். அழகாகவே இருக்கிறது.

அவர் என்ன செய்கிறேன் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ரம்பச் சத்தம் வீட்டையே ஆட்டியது. கேட்கவில்லை!

பிப்ரவரி 6, திங்கள்

பலகையும் கம்பியும் மட்டும் இருந்தால் அது கொசு பாடுகிற மாதிரி. கம்பியின் துடிப்பைப் பிடித்து ரேடியோவுக்குள் அனுப்ப, காந்தமும் அதைச் சுற்றிக் காயில் என்கிற கம்பிச் சுருளும் வேண்டும். டீக்கன் பர்ரலின் கராஜுக்குப் போனேன். டிராக்டரில் இருந்து கழற்றிப் போட்ட காந்தம் ஒன்று தந்தார். பழைய காரின் இக்னிஷன் காயிலைப் பிளந்து, உள்ளே இருந்த கம்பியைக் கொடுத்தார். தலைமுடியைவிட மெல்லியது. கம்பிமேல் வழுக்க, இரும்பு உருளை மாதிரி ஒரு பிஸ்டன் பின்னும் கொடுத்தார், கை நிறைய கனமாக, வழவழப்பாக.

"எதுக்குன்னு கேக்க மாட்டேன் சிஸ்டர்" என்றார். "கேட்டா டீக்கனாப் பதில் சொல்ல வேண்டி வரும். கேக்காம இருந்தா மெக்கானிக்காவே இருந்துட்டுப் போவேன்."

பிப்ரவரி 7, செவ்வாய்

காயில் சுற்ற என் தையல் மெஷின்தான். பாபினில் நூல் சுற்றுகிற இடத்தில் கட்டையை மாட்டி, காலால் மெதுவாக மிதிக்க வேண்டும். எத்தனை சுற்று என்று எண்ண முடியாது, ஆயிரக்கணக்கில் போகும். காணிக்கைப் பாட்டு ஒன்றை வாய்க்குள் பாடிக்கொண்டே மிதித்தேன். முழுப் பாட்டு எத்தனை தடவை பாடினேன் என்று மட்டும் கோடு போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 9, வியாழன்

அறுந்துபோச்சு. கிட்டத்தட்ட முடியப் போற நேரத்துல அறுந்துபோச்சு. எங்க அறுந்துச்சுன்னே தெரியல, நுனியே கண்ணுக்குத் தெரியல. மூணு நாள் மிதிச்சது எல்லாம் போச்சு.

அவர் நேத்து ராத்திரி சாப்பிட்டதை வாந்தி எடுத்தார். சாப்பிட்டதே அரைத் துண்டு ரொட்டி. மார்பு எலும்பு தெரியுது. என்னங்க, ஏதாவது பேசுங்கன்னு காலைப் பிடிச்சுக் கெஞ்சினேன். சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டார்.

கர்த்தாவே, நீர் கேக்கறீரா, இல்லையா? நான் உபவாசம் இருக்கேன், இவரும் சாப்பிடறதில்ல. இந்த வீட்டுல அடுப்பு எதுக்கு எரியுது? யாருக்கு?

அடித்து எழுதிவிடலாம் என்று பார்த்தேன். வேண்டாம். எழுதினது எழுதினதுதான்.

பிப்ரவரி 11, சனி

மறுபடியும் முதலிலிருந்து. மெஷின் சக்கரத்தில் ஒரு பிசிர் இருந்திருக்கிறது, கம்பியை அதுதான் தின்றிருக்கிறது. மெழுகு தடவித் துடைத்தேன். இந்த முறை பாடவில்லை. மூச்சுகூட விடவில்லை போல இருந்தது.

பிப்ரவரி 13, திங்கள்

பர்ரல் வந்து ஈயம் வைத்துக் கொடுத்தார். ரேடியோவின் முதுகைத் திறந்து ஒயரையும் இணைத்தார். "ரேடியோ ஓடும்போது ரெண்டு கையாலயும் இரும்பைத் தொடாதீங்க சிஸ்டர், நேரா கர்த்தரோட மகிமைக்குப் போயிடுவீங்க" என்று சொல்லிவிட்டு, பின்வாசல் வழியாகப் போனார்.

கணக்குக்காக: சட்டம், முன்னறைக் கட்டிலுடையது. தலைப்பக்கக் கட்டைக்குக் கதவுக்கீலின் ஆணி. முறுக்காணிகள், உடைந்த மாண்டலினிலிருந்து. காந்தம், கம்பி, பிஸ்டன் பின் பர்ரல் கொடுத்தவை. ரம்பம் டெனன்ட் அம்மா, திருப்பிக் கொடுத்தாயிற்று. கடையில் வாங்கியது ஆறு ஸ்டீல் கம்பிகள் மட்டும். அதற்கு முட்டைக் காசு.

ரேடியோ முதலில் உறுமியது. பிறகு ஒரு கம்பியைத் தட்டினேன். ஐயோ, பேசியது! அடுக்களை முழுக்க ஒரே கம்பி! நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பிப்ரவரி 14, செவ்வாய்

கொடுத்தேன்.

கட்டில் ஓரத்தில் அவரை உட்காரவைத்து மடியில் வைத்தேன். அவர் கைகளை உயரத் தூக்கிக்கொண்டார், போலீஸ்காரன் துப்பாக்கி காட்டினால் தூக்குவார்களே, அப்படி.

"இது என்ன?"

"உங்களுக்குத்தான். சபையோடது இல்லை. நம்ம வீட்டு மரம்."

"யார் செஞ்சது?"

"நான்."

கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். முகத்தில் ஒன்று வந்து போனது, நான் பார்த்தேன், வந்து போனது. பிறகு சொன்னார்: "கர்த்தர் இந்தக் கையை உக்கார வெச்சிருக்காரு ஒசெல்லா. சபையில உக்கார்ந்து வீட்டுல எழுந்திரிச்சா அது யாரை ஏமாத்தற வேலை? எடு."

"தொட்டாவது பாருங்க."

"எடுன்னு சொன்னேன்!"

எடுத்தேன்.

சரியைத்தான் சொல்கிறார். அதுதான் தாங்கவில்லை. அவர் நல்ல மனுஷனாக இருப்பதே அவரைக் கொன்றுகொண்டிருக்கிறது. இவ்வளவு நேர்மையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

பிப்ரவரி 15, புதன்

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும்.

காலையில் அதை அடுப்பில் வைக்கப் போனேன். இந்த வீட்டில் பிரயோஜனமில்லாமல் கிடக்கிற எதையும் நான் வைத்துக்கொள்வதில்லை. அடுப்பின் வாயில் தலைப்பக்கத்தை விட்டேன். பாதிக்குமேல் போகவில்லை. கதவு மூடவில்லை. கூரான ரம்பத்தைத்தான் டெனன்ட் அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேனே! எரிக்கக்கூட முடியாதபடி செய்து வைத்திருக்கிறேன். சிரிப்பு வந்தது, சிரிப்பு அழுகையாகிவிட்டது. கரி படிந்த அதை வெளியே இழுத்து, மடியில் போட்டுக்கொண்டு, ரேடியோவைத் திருகினேன். கோபம்தான். வேறு காரணம் இல்லை.

பத்தொன்பது வருஷம் கேட்ட காணிக்கைப் பாட்டு, மெட்டு எனக்குத் தெரியும். கட்டை விரலால் தட்டி, பிஸ்டன் பின்னைக் கோட்டுக்குக் கோடு நகர்த்தினேன். கீழே பரவாயில்லை. மேலே போகப் போகப் புளித்தது. என்ன செய்தாலும் புளித்தது.

"நிறுத்து!"

அறைக்குள்ளிருந்து. பல நாளாகக் கேட்காத குரல்.

நிறுத்தப் போனேன். பிறகு யோசித்தேன், நிறுத்தினால் வாயை மூடிக்கொள்வார். மறுபடியும் முதலிலிருந்து வாசித்தேன். சத்தத்தைக் கூட்டினேன்.

"ஒசெல்லா! பன்னியைக் கொல்றியா அங்க?"

"ஆமா!" என்றேன். "இன்னும் சாகல!"

இன்னொரு தடவை கொன்றேன். அறைக் கதவு திறந்தது. வெறும் பனியனோடு, தாடியோடு, இரண்டு கைகளையும் கக்கத்தில் செருகிக்கொண்டு வந்து நின்றார்.

"மேல் கோட்டுக்குப் போகாத. கோடு பொய் சொல்லுது."

"எப்படிப் பொய் சொல்லும்? சபை ஸ்டீல்ல இருந்து அளந்தது, அங்குலம் பிசகாம."

"கோட்டை அளந்த. கம்பி எங்க முடியுது? இந்தக் கட்டையை எங்க அடிச்ச?"

"கொக்கி ஓட்டை இருந்துச்சு. ஒரே ஒரு அங்குலம் முன்னால தள்ளி…"

"ஒரு அங்குலம்!" அவர் கூரையைப் பார்த்தார். "பாவாடையில ஒரு அங்குலம் தப்பினா மடிச்சுத் தைப்ப. இங்க எங்க மடிப்ப? கம்பி குட்டையாச்சுன்னா கோடு எல்லாமே கூடச் சேந்து குறுகணும். கம்பியோட நடு எங்கன்னு பாத்தியா?"

"எப்படிப் பாக்கறது?"

"டேப்பைக் கட்டைக்குக் கட்டை புடி. ரெண்டா மடி. மடிப்பு எங்க வருதோ, அங்கதான் பன்னெண்டாங் கோடு."

மடித்தேன். நான் மை தீட்டி வைத்த கோடு, மடிப்பிலிருந்து அரை அங்குலம் தள்ளி நின்றது. மடிப்புக்கு நேராகப் பின்னை வைத்துத் தட்டினேன். வெறும் கம்பியின் அதே குரல், ஒரு மாடி மேலே. சுத்தமாக.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கைகள் கக்கத்திலேயே இருந்தன. "அதான்" என்றார். பிறகு, "அடுப்புல என்ன கருகுது?" என்றார்.

ஒன்றும் கருகவில்லை, அது அந்தச் சட்டத்தின் வாசனை. ஆனால் உடனே இரண்டு முட்டை உடைத்து ஊற்றினேன். சாப்பிட்டார்.

பிப்ரவரி 17, வெள்ளி

எல்லாக் கோட்டையும் சுரண்டிவிட்டுப் புதிதாகப் போட்டோம். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து காதை மட்டும் கொடுத்தார். "மேல… மேல… போதும், ஐயோ தாண்டிட்ட, திரும்பி வா." நான் சாக்பீஸ் வைத்தேன். தொடவே இல்லை. ஒரு தடவை அந்தப் பிஸ்டன் பின் என் கையிலிருந்து நழுவி அவர் காலடிக்கு உருண்டு போனது. குனிந்து எடுக்கவில்லை. காலால் என் பக்கம் தள்ளிவிட்டார்.

பிப்ரவரி 20, திங்கள்

வேலைக்குப் போனார். திரும்பியும் வந்தார்.

பிப்ரவரி 23, வியாழன்

"பின்னைக் கோட்டுக்குப் பின்னால வெக்காத, நேர் மேல வெச்சு நில்லு" என்கிறார். "நின்ன இடத்துல லேசா நடுக்கு. பயப்படற மாதிரி இல்ல. அழுகையை அடக்கற மாதிரி."

அது எனக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

பிப்ரவரி 27, திங்கள்

நேற்று சபையிலிருந்து வந்ததிலிருந்து மறுபடியும் பேச்சில்லை. பாஸ்டர் சாட்சிக்காகப் பெயர் பெயராகக் கூப்பிட்டார். கடைசி பெஞ்சைத் தாண்டும்போது அவர் கண் எங்கள்மேல் படாமல் போனது. வேண்டுமென்று இல்லை. விதிதான் அப்படி.

நான் ஸ்டீலை எடுத்து வேண்டுமென்றே தப்பாக வாசித்தேன். அறைக்குள்ளிருந்து ஒன்றும் வரவில்லை. இன்னும் தப்பாக வாசித்தேன். வரவில்லை.

மார்ச் 4, ஞாயிறு

எழுத்து கோணலாக வருகிறது.

ஆராதனை முடிந்து நான் காணிக்கைத் தட்டுகளைக் கழுவிவிட்டு வந்தேன். வீட்டில் ஆள் இல்லை. ஏரிக்கரைப் பலகையின் நுனியில் அவருடைய ஞாயிற்றுக்கிழமை ஷூ இரண்டும் சேர்த்து வைத்திருந்தது. உள்ளே காலுறை மடித்து வைத்திருந்தது. ஷூவுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

எப்படிக் கத்தினேன் என்று தெரியவில்லை. நாணல் பக்கமிருந்து குரல் வந்தது. கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். கோட்டுப் போட்டபடியே.

"வாங்க" என்றேன்.

"எதுவரைக்கும் ஒசெல்லா?"

"என்னது எதுவரைக்கும்?"

"எதுவரைக்கும் உக்காரணும்? யாரும் சொல்லலையே. ஒரு மாசமா? சாகறவரைக்குமா? ஜெயிலுக்குப் போறவனுக்குக்கூட எத்தனை வருஷம்னு சொல்லித்தான் அனுப்பறாங்க. எனக்கு எவனும் சொல்லல. எதை எண்ணிட்டு இருக்கறது நான்?"

நல்ல கவுனோடு இறங்கினேன், எனக்கு நீச்சல் தெரியாது, அது அவருக்குத் தெரியும். என் இடுப்புக்குத் தண்ணீர் வந்ததும் அவர் சத்தம் போட்டார், "அங்கேயே நில்லு, அங்க பள்ளம்!" நான் நிற்கவில்லை. வந்து பிடித்துக்கொண்டார். பிடித்தது அவர்தான், நான் இல்லை.

இரண்டு பேருமாகக் கரையில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தோம். "நல்ல கவுனு" என்றார். "காயும்" என்றேன்.

மார்ச் 6, செவ்வாய்

பாஸ்டர் மோப்ளி வந்தார். யார் சொல்லியும் வரவில்லையாம். பின்வாசலில் நான் வாசித்துக்கொண்டிருந்தேன், லெமுவேல் படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இப்போதெல்லாம் அவரை என் கண் பார்வையிலேயே வைத்திருக்கிறேன். வேலிக்கு அந்தப்பக்கம் பாஸ்டர் எவ்வளவு நேரம் நின்றாரோ.

"ரோட்டுல வரும்போது பிரதர்தான் மீறி வாசிக்கறாருன்னு நெனச்சேன் சிஸ்டர். கண்டிக்கத்தான் வந்தேன்."

"கிட்ட வந்து கேட்டீங்கல்ல ஐயா," என்றார் லெமுவேல், கீரையிலிருந்து தலை தூக்காமல். "நான் வாசிச்சா அப்படியா இருக்கும்?"

பாஸ்டர் சிரித்துவிட்டார். பிறகு தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "பிரசங்கம் ஏற மாட்டேங்குது" என்றார். "நான் தூக்கற இடத்துல தூக்கிவிட ஆள் இல்ல. ஈஸ்டர் வருது. சிஸ்டர் வந்து வாசிக்கணும். தப்பும் தவறுமா இருந்தாலும் பரவாயில்ல."

அவரை முன்னறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொன்னேன். ஷூ, காலுறை, கழுத்தளவு தண்ணீர், எல்லாம். அவர் பிஷப் கட்டிலில் உட்காரப்போனார், "அந்தப் பக்கம் வேண்டாம் ஐயா" என்று கையைப் பிடித்து நிறுத்தினேன். நின்றபடியே கேட்டார்.

"எதுவரைக்கும்னு ஏன் ஐயா சொல்லல?"

"எனக்கு அதிகாரம் இல்ல சிஸ்டர். உக்கார வெக்கலாம். எழுப்பற அதிகாரம் பிஷப்புக்குத்தான்."

"பிஷப்புக்கு எழுதினீங்களா?"

தொப்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். எழுதவில்லை. ஏழு வாரம் ஆகிறது, எழுதவில்லை. வருஷக் கூட்டத்தில் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாராம். அது ஜூலையில்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் கடைசி பெஞ்சில் தண்டனையாகவே உட்கார வேண்டி வந்திருக்கும். "ஈஸ்டருக்கு வாசிக்கிறேன்" என்றேன். "பிஷப்புக்கு நான் எழுதறேன். நீங்க கீழ கையெழுத்துப் போடணும்."

போடுகிறேன் என்றார். போகும்போது படியில் நின்று லெமுவேலின் தோளில் கைவைத்தார். எடுக்க மறந்துவிட்டார் போல, ரொம்ப நேரம் வைத்திருந்தார்.

மார்ச் 9, வெள்ளி

கடிதம் போய்விட்டது. பாஸ்டர் கையெழுத்துப் போட்டார், பர்ரல் போட்டார், எழுதத் தெரியாத டெனன்ட் அம்மா பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டாள். நான் தபாலாபீஸுக்குக் கிளம்பினேன். லெமுவேல் காலையிலேயே சவரம் செய்திருந்தார். கத்தியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். "நானே போட்டுட்டு வரேன்" என்று கையை நீட்டினார்.

தபாலாபீஸுக்கு ஏரி ஓரமாகத்தான் வழி. கொடுத்துவிட்டேன். கூடப் போகவில்லை. வாசலுக்கும் வரவில்லை. அடுக்களையில் நின்று, கழுவின பாத்திரத்தையே திரும்பத் திரும்பக் கழுவினேன்.

வந்துவிட்டார். ஸ்டாம்பை நேராக ஒட்டவில்லை என்று தபால்காரன் சிரித்தானாம். ஷூ காய்ந்தே இருந்தது.

கடிதத்தின் நகலை இங்கே எழுதி வைக்கிறேன்.

"மதிப்புக்குரிய பிஷப் குவின்பி அவர்களுக்கு, கர்த்தருக்குள் வாழ்த்துக்கள்.

என் கணவர் பிரதர் லெமுவேல் பிண்டர் ஜனவரி பதினைந்தாம் தேதி உட்கார வைக்கப்பட்டார். அவர் செய்தது தவறு. அவரே ஒத்துக்கொண்டார். அன்றிலிருந்து சபையிலும் வீட்டிலும் ஸ்டீலைத் தொடவில்லை. வீட்டில் ஒன்று இருக்கிறது, அதையும் தொடவில்லை. நானே சாட்சி.

தண்டனையைக் குறைக்கச் சொல்லி எழுதவில்லை. ஒரு வருஷம் என்றால் ஒரு வருஷம். இரண்டு என்றால் இரண்டு. எதுவரை என்று மட்டும் சொல்லுங்கள். முடிவு தெரியாமல் உட்கார அவரால் முடியவில்லை. இதற்குமேல் விவரமாக எழுத என்னால் முடியாது, பாஸ்டருக்குத் தெரியும்.

ஈஸ்டருக்கு நான் வாசிக்கிறேன். எனக்குச் சரியாக வராது. அவர் கடைசி பெஞ்சில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு ஒரு தேதி வேண்டும்.

தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்."